சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு?

1956ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி இரவு, சொந்த ராஜ்யத்தின் தலைநகரில் படிக்கிறோம் என்ற நினைவோடு திருவனந்தபுரத்து மாணவர் விடுதியொன்றில் படுத்துறங்கிய நாகர்கோயில் பையன் ஒருவன், மறுநாள் காலை கண்விழித்தபோது வெளி மாநில மாணவனாகியிருந்தான். அவன் ஓரடியும் எடுத்து வைக்கவில்லை. கல்லூரியும் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. இரவோடு இரவாக எல்லை மட்டும் களியக்காவிளைப் பக்கம் வந்து நின்றுகொண்டு, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களையும் கன்னியாகுமரி மாவட்டம் என்ற பெயரில் சென்னை ராஜ்யத்தோடு சேர்த்துவிட்டது. மார்ஷல் நேசமணி முதலியோர் நடத்திய இணைப்புக் கிளர்ச்சியில் தொண்டை வற்றக் கோஷமிட்டவர்களில் அவனும் ஒருவனாதலால், அன்று அவனுக்குண்டான சந்தோஷத்தில் கலப்படம் எதுவும் இருக்க நியாயமில்லை. ஆனாலும் மெஸ்ஸுக்குள் நுழைந்து வழக்கமான பலகையில் உட்கார்ந்து இலையைப் போட்டுக்கொண்டபோது, இந்தச் சோறு நேற்றுவரை நம் ஊர்ச் சோறு, இன்று அயலூர்ச் சோறு என்ற விசித்திரமான எண்ணம் அவனுக்கு உண்டாயிற்று. பரிமாறியவர் அதைக் கண்டுகொள்ளாமல் வழக்கம்போல் ஒரு கரண்டி சாம்பார் குறைவாகவே ஊற்றிவிட்டுப் போனார். அந்தப் பையன் நான்தான்.

அக்காலத்தில் இந்த அனுபவம் எனக்கு மட்டும் உரியதாயிருக்கவில்லை. பாலக்காட்டு விக்டோரியா கல்லூரி அதே இரவில் சென்னை ராஜ்யத்தை விட்டுக் கேரளத்துக்குப் போயிற்று. தென்கன்னட ஜில்லாவின் மணிபாலில் 1953இல் தொடங்கிய கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரி, பிறந்தபோது சென்னை ராஜ்யத்துக் கல்லூரி. மூன்று வயது நிரம்பியபோது மைசூர் ராஜ்யத்துக் கல்லூரி. 1926இல் தோன்றிய ஆந்திரப் பல்கலைக்கழகமோ, 1953 அக்டோபர் முதல் தேதி ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோதே நம்மிடமிருந்து விடைபெற்றுக்கொண்டுவிட்டது. தமிழ்நாட்டின் வாழ்த்துப் பாடலாக 1970இல் அரசு ஏற்றுக்கொண்ட பாட்டை இயற்றிய மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை, ஆலப்புழையிலே பிறந்து திருவனந்தபுரத்து மகாராஜா கல்லூரியிலே தத்துவம் போதித்தவர் என்பதை நினைத்தால், இன்று நாம் வெளி மாநிலம் என்று சொல்லிப் பயப்படுவதும் பெருமைப்படுவதும் எவ்வளவு புதிய எல்லைக்கோட்டை நம்பி என்பது விளங்கும்.

கோடு புதிது. ஆனால் பதினேழு வயதுப் பிள்ளையைப் படிப்புக்காகத் தூரதேசம் அனுப்பலாமா என்ற வீட்டு விசாரம் மிகப் பழையது. அந்த விசாரத்தின் சரித்திரத்தைத் துருவிப் பார்த்தால், எந்தக் காலத்திலும் பெரியவர்கள் முதலில் கேட்டது எந்தக் கல்லூரி என்பதையன்று. சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு என்பதையே. பையனுக்கு விருப்பமா என்ற கேள்வி அநேகமாகக் கேட்கப்படவே இல்லை.

நமக்குத் தெரிந்த மிகப் பழைய வெளி மாநில மாணவர்களில் ஒருவன் நம்மூரிலிருந்து போனவனல்லன், நம்மூருக்கு வந்தவன். கர்நாடகத்துச் சிவமொக்கா ஜில்லாவில் தாளகுண்டா என்னும் ஊரில் ஒரு கல்தூண் நிற்கிறது. அதில் குப்ஜன் என்ற கவி இயற்றிய சம்ஸ்கிருதச் சாசனம், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த மயூரசர்மன் என்ற பிராமண இளைஞன் தன் குருவான வீரசர்மனோடு பல்லவர் தலைநகராகிய காஞ்சிக்கு வந்து, அங்கிருந்த கடிகையிலே வேத சாஸ்திரங்கள் அனைத்தையும் கற்கச் சேர்ந்தான் என்று கூறுகிறது. கடிகை என்பது அக்காலத்து உயர்தரக் கலாசாலை. பையனைத் தனியே அனுப்பாமல் பெரியவர் ஒருவரே கூட வந்து சேர்த்துவிட்டிருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். இன்றைக்கும் ஜூன் மாதத்தில் எந்த ரயிலிலும் இந்தக் காட்சியைக் காணலாம். அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் பலன் இல்லை. காஞ்சியில் பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு மயூரசர்மனுக்குத் தகராறு மூண்டது. பட்ட அவமானம் பொறாமல் அவன் தர்ப்பையைப் போட்டுவிட்டு வாளை எடுத்தான். ஸ்ரீபர்வதக் காடுகளில் படை திரட்டிப் பல்லவர்களையே தொல்லைப்படுத்தி, கடைசியில் கதம்ப வம்சம் என்ற அரச குலத்தையே ஸ்தாபித்துவிட்டான். வெளியூர் மாணவனை உள்ளூர்க்காரர்கள் சீண்டியதனால் ஒரு ராஜ்யமே உண்டாயிற்று. படிப்பை முடித்தானா என்று சாசனம் சொல்லவில்லை.

நம்மூரிலிருந்து போனவர்களில் தர்மபாலர் முக்கியமானவர். காஞ்சியில் பெரிய மந்திரி ஒருவரின் மூத்த குமாரராகப் பிறந்து, நாளந்தாவின் தலைமைப் பதவியை அடைந்த பௌத்த பண்டிதர் அவர். ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங்குக்கு நாளந்தாவில் ஆசிரியராக வாய்த்த சீலபத்திரர் இந்தத் தர்மபாலரின் சீடரே. யுவான் சுவாங் எழுதிவைத்திருப்பது சுவையான கதை. அரசன் தன் மகளைத் தர்மபாலருக்கு மணம் செய்விக்க நிச்சயித்தானாம்; கல்யாணத்துக்கு முந்தின இரவு இளைஞர் புத்தர் திருவுருவத்தின் முன் விழுந்து அழுதாராம்; தேவதையொன்று அவரைத் தூக்கிச் சென்று தொலைவிலுள்ள மலை விஹாரத்தில் விட்டுவிட்டதாம். தேவதை வந்ததோ வரவில்லையோ, வீட்டில் சம்மதம் கேட்டால் கிடைக்காது என்று தீர்மானித்த பிள்ளை ராத்திரியில் புறப்பட்டுவிட்டான் என்ற மட்டில் கதையை நம்பலாம். கல்யாணப் பேச்சைக் காட்டி மேற்படிப்பைத் தடுக்கும் வழக்கமும், அதிலிருந்து தப்ப ஓடிப்போகும் வழக்கமும் நேற்று முளைத்தவையல்ல.

சோழர் காலத்துக்கு வந்தால் கல்வெட்டுகள் சோற்றுக் கணக்கையே விஸ்தாரமாகச் சொல்கின்றன. இப்போது விழுப்புரம் மாவட்டத்திலுள்ள எண்ணாயிரம் என்ற ஊரில் முதலாம் இராஜேந்திர சோழன் காலத்தில் நடந்த கல்லூரியில் 340 மாணவர்கள் படித்தார்கள் என்பதோடு, இன்ன படிப்புப் படிக்கும் மாணவனுக்கு நாள் ஒன்றுக்கு இத்தனை நாழி நெல் என்ற விவரமும் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. என்ன கற்பித்தார்கள் என்பதை இரண்டொரு வார்த்தையில் சொல்லி, எவ்வளவு அளந்தார்கள் என்பதை நாழிக் கணக்கில் சொல்லும் அந்தச் சாசனத்தைப் படிக்கும்போது, அதை எழுதுவித்தவர்களும் பிள்ளைகளைப் பெற்றவர்கள்தாம் என்று எனக்குத் தோன்றும். பின்னாளில் உ. வே. சாமிநாதையரை அவருடைய தந்தையார் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்த்த வரலாற்றைப் படிப்பவர்களும், பாடத்தைப் போலவே ஆகாரமும் எவ்வளவு பெரிய விசாரமாக இருந்தது என்பதைக் காண்பார்கள்.

பல்கலைக்கழகம் என்ற இக்காலத்து ஸ்தாபனம் 1857இல் சென்னைக்கு வந்தது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவர், இருவரும் சென்னை மாகாணத்தவர் அல்லர்! சி. வை. தாமோதரம் பிள்ளையும் கறோல் விசுவநாத பிள்ளையும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அமெரிக்க மிஷன் பாதிரிமார் 1823இல் ஆரம்பித்த வட்டுக்கோட்டை செமினரியில் கணிதமும் இங்கிலீஷும் தமிழும் படித்துத் தேறி, கடல் தாண்டி வந்து, பாதிரியார் பெர்சிவலின் பத்திரிகையோடு தொடர்புகொண்டு சென்னையில் நிலைத்தவர்கள். மாகாணம் முழுவதும் தன் பிள்ளைகளைப் பரீட்சைக்குத் தயார்செய்துகொண்டிருந்த காலத்தில் முதற்பட்டத்தை அயலூர்ப் பிள்ளைகள் தட்டிக்கொண்டு போனது நமக்குக் கொஞ்சம் லஜ்ஜை தருவதுதான். ஆனால் தாமோதரம் பிள்ளை அதற்கு வட்டியும் முதலுமாகத் திருப்பித் தந்துவிட்டார். கரையான் தின்றுகொண்டிருந்த ஏடுகளைத் தேடி எடுத்துத் தொல்காப்பிய உரைகளையும், 1881இல் வீரசோழியத்தையும், 1887இல் கலித்தொகையையும் அவர் பதிப்பித்திராவிட்டால் நம் பாஷையின் கதி என்னவாகியிருக்கும் என்று யார் சொல்ல முடியும்? வெளியூர் மாணவனுக்கு இடம் கொடுப்பது நஷ்டம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த வரவையும் பேரேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இனிக் காசிக்குப் போவோம். வடக்கே பிள்ளைகளைப் படிக்க அனுப்பியதில் தமிழர்களுக்கு முதல் வாசல் கல்கத்தாவுமன்று, டெல்லியுமன்று, காசியே. காரணம் அங்கே நம்மவர்களுக்குச் சோறு இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் ஸ்தாபித்த மடமும், நாட்டுக்கோட்டை நகரத்தாரின் சத்திரமும், கேதார கட்டத்தையும் அனுமான் கட்டத்தையும் சுற்றிக் குடியேறிய தென்னாட்டுக் குடும்பங்களும் இருந்தமையால், காசிக்குப் போகிற பிள்ளை அயலூருக்குப் போகிறான் என்று யாரும் எண்ணவில்லை. அத்தை வீட்டுக்கோ சிற்றப்பா வீட்டுக்கோ போகிறான் என்றே எண்ணினார்கள். 1898இல் எட்டயபுரம் சின்னசாமி ஐயர் காலமானதும், அநாதையாக நின்ற பதினைந்து வயது சுப்பிரமணியனை, அத்தை குப்பம்மாளும் அவர் கணவர் கிருஷ்ண சிவனும் காசிக்கு வரவழைத்துக்கொண்டது இந்த வழியில்தான். பையனுக்கு அதற்கு முந்தின வருஷமே கல்யாணம் ஆகியிருந்தது. ஆனாலும் படிப்பு நின்றுபோகக் கூடாது என்று அத்தை கருதினாள். மிஷன் கலாசாலையிலும் ஜெயநாராயண கலாசாலையிலும் படித்து, அலகாபாத் பல்கலைக்கழகத்தின் பிரவேசப் பரீட்சையில் அவன் முதல் வகுப்பில் தேறினான்.

படிப்பு ஒரு புறம் இருக்க, கிருஷ்ண சிவன் எதை எதிர்பார்க்கவில்லையோ அதுதான் நடந்தது. தென்னாட்டு வைதிகப் பிள்ளை குடுமியை எடுத்தான், மீசை வைத்தான், வடநாட்டார் போலத் தலைப்பாகை கட்டினான், ஹிந்தி பேசினான். மீசை வைத்த பிராமணப் பையனோடு ஒரே பந்தியில் உட்கார மாமாவுக்குச் சங்கடமாக இருந்தது. ஒரு திருவாதிரைத் திருநாளன்று, ஓதுவார் வராமற்போகவே, பூஜையில் இந்தப் பையனே முன்வந்து திருவெம்பாவை பாடியதைக் கேட்டு மாமா மனம் உருகிக் கோபம் தணிந்தார் என்று அந்தப் பையனின் வாழ்க்கையை எழுதியவர்கள் கூறுவார்கள். தூரதேசம் அனுப்பிய பிள்ளை மாறிப்போய்விடுவான் என்ற பெரியவர்களின் பயம் பொய்யானதன்று, மாறத்தான் மாறுவான். ஆனால் நான்கு வருஷம் கழித்து எட்டயபுரத்துக்குத் திரும்பி வந்த தலைப்பாகைக்காரனை ஊர் பார்த்துச் சிரித்தபோது, அந்தத் தலைப்பாகைக்குள் பாரத தேசம் முழுவதும் புகுந்துகொண்டிருந்தது என்பதை அன்று யாரும் அறியவில்லை. திருநெல்வேலியிலேயே படிப்பை முடித்திருந்தால் பாரதியார் நல்ல தமிழ்க் கவியாக இருந்திருப்பார். தேசம் முழுவதையும் தம் வீடாகப் பாடியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

பெண்களுக்கோ ஒரு ராஜ்யத்திலிருந்து இன்னொரு ராஜ்யத்துக்குப் போவது இரண்டு மடங்கு கஷ்டம். புதுக்கோட்டை அக்காலத்தில் தனிச் சமஸ்தானம். அதைச் சுற்றியிருந்த திருச்சியும் தஞ்சையும் சென்னை மாகாணம். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் 1904இல் முத்துலட்சுமி என்ற ஒரே ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டபோது எழுந்த எதிர்ப்பை ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் பொருட்படுத்தவில்லை. 1907இல் அந்தப் பெண் சமஸ்தான எல்லையைக் கடந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் டாக்டராக வெளிவந்தார். தகப்பனார் நாராயணசாமி ஐயர், தாமே ஒரு கல்வியாளரானபடியால், அக்காலத்து வழக்கத்துக்கு மாறாகப் பெண்ணின் விருப்பத்துக்குக் காது கொடுத்தார். டில்லியில் பெண்களுக்கென்றே லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி 1916இல் திறந்தபோது, பல மாகாணத்துப் பெண்களும் அங்கே வந்து தங்கிப் படிக்க முடிந்ததற்குக் கல்லூரியோடு விடுதியும் இருந்ததே காரணம். விடுதி என்ற ஸ்தாபனத்துக்கு நம் சரித்திரகாரர்கள் இன்னும் உரிய மரியாதை செய்யவில்லை. அத்தை வீடு இல்லாத பிள்ளைகளும் தூரம் போகலாம் என்ற நிலையை உண்டாக்கியது அதுதான்.

யாரும் அனுப்பாமல் தானே தீர்மானித்துப் போனவர்களும் இருந்தார்கள். வத்திராயிருப்பில் பிறந்து மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்த கே. எஸ். கிருஷ்ணன், சென்னையில் கிடைத்திருந்த சிறிய உத்தியோகத்தை விட்டுவிட்டு 1920இல் கல்கத்தாவுக்கு ரயிலேறினார். அங்கே சி. வி. ராமன் இருக்கிறார் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. கட்டடத்தையும் ஊரையும் பாராமல் ஆசிரியர் ஒருவரைத் தேடிப் போவது, நம் பழைய குருகுல வழக்கம் இக்காலத்து உடுப்பில் திரும்பி வந்தது போன்றது. எட்டு வருஷத்துக்குப் பிறகு, 1928 பிப்ரவரி 28ஆம் தேதி ராமன் விளைவு கண்டறியப்பட்டபோது அந்தப் பரிசோதனைகளில் குருவோடு நின்றவர் கிருஷ்ணனே. பிற்காலத்தில் அவர் தமிழில் எழுதிய விஞ்ஞானக் கட்டுரைகளைப் படிப்பவர்கள், கல்கத்தாவும் அலகாபாத்தும் டில்லியும் வத்திராயிருப்பை அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்ளவில்லை என்பதைக் காண்பார்கள்.

இவர்களெல்லாம் அபூர்வப் பிறவிகள். சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வெளியே போகத் தொடங்கியதற்கு வேறு காரணங்கள் உண்டு. முதலாவது, தொழிற்கல்வி. காசி ஹிந்து சர்வகலாசாலை 1916இல் தோன்றி, 1919இல் அங்கே பொறியியல் கல்லூரி ஏற்பட்டதும், இயந்திரப் பொறியியலும் மின்சாரப் பொறியியலும் படிக்க விரும்பிய தென்னாட்டு இளைஞர்களுக்கு அது ஆகர்ஷணமாயிற்று. 1929இல் பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே ஓடத் தொடங்கி, பிறகு சென்னையையும் டெல்லியையும் இணைக்கும் வண்டியாக நிலைத்த கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ், டிரங்குப் பெட்டியும் ஹோல்டாலும் ஊறுகாய்ப் பரணியுமாக இவர்களை ஏற்றிச் சென்றது. மாதம் முதல் வாரத்தில் அப்பாவின் மணியார்டர் இவர்களைப் பின்தொடரும்.

இரண்டாவது காரணத்தை ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி உத்தரவின்படி மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்கள் பதினான்கு பதினான்காகப் பங்கிடப்பட்டன. அவற்றில் பிராமணர்களுக்கு இரண்டு. அதுவரை பெரும்பாலான இடங்களை அனுபவித்துவந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதவு குறுகியது. அதுவரை அந்தக் கதவையே பாராத வீட்டுப் பிள்ளைகளுக்கு அது முதன்முதலாகத் திறந்தது. இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1951இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைச் செல்லாது என்றதும், அதே ஆண்டில் அரசியல் சாசனமே முதன்முறையாகத் திருத்தப்பட்டதும் எல்லாரும் அறிந்தவை. ஆனால் அந்த வழக்கின் தீர்ப்பிலே யாரும் கவனியாத ஒரு கணக்கும் இருக்கிறது. ராஜ்யத்தின் 330 மருத்துவ இடங்களில் 17ம், 395 பொறியியல் இடங்களில் 21ம் வெளி ராஜ்யத்து மாணவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தன. தன் வீட்டுப் பந்தியிலே இலை போதவில்லை என்று சண்டை நடந்த நாளிலும் விருந்தாளிக்கு இலை போட்டிருந்தார்கள்.

பிறகு இந்திய அரசாங்கமே பிள்ளைகளை மாற்றிப் போடும் ஏற்பாட்டைச் செய்தது. 1951இல் கரக்பூரில், தேசபக்தர்களை அடைத்துவைத்திருந்த ஹிஜிலி முகாமின் கட்டடத்திலே முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தொடங்கியது. 1959இல் வாரங்கலில் ஆரம்பித்து, 1964இல் திருச்சி வரை பரவிய ஆர்.இ.சி. என்னும் பிராந்தியப் பொறியியல் கல்லூரிகளிலோ, பாதி இடம் அந்தந்த மாநிலத்துக்கும் மறுபாதி மற்ற மாநிலங்களுக்கும் என்று வகுத்தார்கள். ராஜஸ்தானத்துப் பையன் திருச்சியை அடுத்த துவாக்குடியில் தோசை தின்னக் கற்றுக்கொண்டதும், திருநெல்வேலிப் பையன் வாரங்கலில் கோங்குராப் பச்சடிக்குக் கண்ணீர் விட்டதும் இந்தப் பாதிக்குப் பாதியின் பலனே. அரசாங்கம் தீட்டிய தேசிய ஒருமைப்பாட்டுத் திட்டங்களுள் நோட்டீஸும் ஊர்வலமும் இல்லாமல் நிறைவேறியது இது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்.

வெளி மாநிலப் பிள்ளையிடம் அதிகப் பணம் வாங்கலாமா என்ற வியாஜ்யமும் பழையதே. இந்தோர் மருத்துவக் கல்லூரியில் மத்திய பாரத வாசிகளுக்கு இல்லாத கட்டணத்தை மற்றவர்களிடம் வாங்கியதை எதிர்த்து டெல்லி மாணவர் ஒருவர் தொடுத்த வழக்கில், பிறந்த இடத்தைக் கொண்டு பேதம் காட்டுவது வேறு, வசிக்கும் இடத்தைக் கொண்டு சலுகை தருவது வேறு என்று கூறி உச்ச நீதிமன்றம் 1955இல் அந்தக் கட்டணத்தை அனுமதித்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழ்ப் பிள்ளைகள் கர்நாடகத்துத் தனியார் கல்லூரிகளுக்குப் படையெடுத்தார்கள். 1984இல் இங்கேயே சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தோன்றியபின்தான் அந்த ஓட்டம் குறைந்தது. நிலத்தை விற்று நன்கொடை கட்டிய தகப்பன்மார் எத்தனை பேர்! 1992இல் மீரட் நகரத்துப் பெண் ஒருத்தி தொடுத்த வழக்கில் வெளிவந்த கணக்கு அந்தக் காலத்தைக் கண்முன் நிறுத்துகிறது. கர்நாடகத்துத் தனியார் மருத்துவக் கல்லூரியில் அரசு இடத்துக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய். கன்னட நாட்டுப் பிள்ளைக்கு 25,000. வெளி மாநிலப் பிள்ளைக்கு 60,000. இதற்கிடையே 1984இல் நீதிமன்றம், இந்தியனுக்கு இந்தியா என்ற ஒரே வாசஸ்தலம்தான் உண்டு என்று கூறி, மருத்துவ இடங்களில் நூற்றுக்கு 30 அகில இந்தியத் தகுதிக்கு என்றது. இரண்டே ஆண்டில் அதை 15ஆகக் குறைத்துக்கொண்டது. மனம் பெரிதாயிருந்தாலும் பந்தி சிறிதுதானே.

என் சொந்தக் கதைக்குத் திரும்பிவிடுகிறேன். நாகர்கோயிலில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியும் இருந்தது. 1952இல் ஹிந்துக் கல்லூரியும் வந்துவிட்டது. ஆயினும் இன்டர்மீடியட் தேறியதும் என் தகப்பனார் என்னைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் போனார். ரயில் கிடையாது; அந்தப் பாதை 1979இல்தான் வந்தது. பஸ்ஸில் தக்கலை, மார்த்தாண்டம், நெய்யாற்றின்கரை வழியாகக் குலுங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். கல்லூரியின் வாசலைக் காட்டியதும், அப்பா உள்ளே நுழையவில்லை. பிள்ளைகள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்து, என்னைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, மத்தியானப் பந்தியில் மாணவர்களோடு தாமும் உட்கார்ந்தார். சிவப்பரிசிச் சோறும் புளிசேரியும். கையைக் கழுவிக்கொண்டு வந்து, “ரசம் தண்ணிதான். ஆனா வயித்தைக் கெடுக்காது” என்று சொல்லிவிட்டு, நேரே ஆபீசுக்குப் போய்ப் பணம் கட்டினார். நான் என்ன பாடம் எடுக்கப் போகிறேன் என்று அவர் கேட்டதாக ஞாபகம் இல்லை. எனக்கு அங்கே போக விருப்பமா என்பதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பேத்திக்கு இந்தச் சந்தர்ப்பம் வந்தது. திருநெல்வேலியில் ஓர் இடம், திருவனந்தபுரத்தில் ஓர் இடம், ஹைதராபாத்தில் ஓர் இடம். மூன்று பெயரையும் தாளில் எழுதிக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். அவளுடைய அம்மா தூரத்தைப் பார்த்தாள். அப்பா கட்டணத்தைப் பார்த்தான். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“நீ என்ன நினைக்கே மக்களே?” என்று கேட்டேன்.

அவள் சற்றுத் திகைத்தாள். தாத்தா தீர்மானித்துவிடுவார் என்றல்லவா நினைத்திருந்தாள். பிறகு மெள்ள, ஹைதராபாத்தில் அவள் விரும்பிய பாடத்துக்கு நல்ல ஆய்வுக்கூடம் இருப்பதாகவும், ஆனால் அங்கே தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்றும், தெலுங்கும் தெரியாது, ஹிந்தியும் தெரியாது என்றும் சொன்னாள். பிடிக்காவிட்டால் திரும்பி வரலாமா என்ற கேள்வியை அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை, கண் கேட்டது. திரும்பி வந்தால் டி.சி. வாங்குவதும் மைக்ரேஷன் சர்ட்டிபிகேட் வாங்குவதும்தான் கஷ்டம், வீட்டுக்கதவு திறப்பதில் ஒரு கஷ்டமுமில்லை என்று நான் சொன்னேன். தீர்மானிக்குமுன் ஒரு நாள் அங்கே போய் இருந்து பார்க்கலாம், இரண்டாம் வருஷத்துப் பெண்களிடம் பேசலாம், முதல் வருஷத்துப் பெண்களிடம் பேச வேண்டாம், அவர்களுக்கு எல்லாமே நன்றாக இருக்கும் என்றும் சொன்னேன்.

போனோம். அவளும் அவள் அப்பாவும் ஆய்வுக்கூடம், நூலகம் என்று சுற்றிக்கொண்டிருந்த இரண்டு மணி நேரத்தில் நான் காணாமற்போய்விட்டேனாம். அலைபேசியில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, வாட்ச்மேனிடம் அடையாளம் சொல்லி விசாரித்துக்கொண்டு அவர்கள் பெண்கள் விடுதியின் மெஸ்ஸுக்கு வந்து சேர்ந்தபோது, விடுதிக் காப்பாளர் அம்மையாரின் விசேஷ அனுமதியோடு, எவர்சில்வர் தட்டை ஏந்திக்கொண்டு, பத்தொன்பது வயதுப் பெண்கள் இருபது பேருக்குப் பின்னால் நான் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.